பின்சுவரின் அகலம்

மூன்று முறை அளந்தேன்.
முன்வாய் முப்பத்துநான்கு அங்குலம்,
உயரம் இருபத்தெட்டு.
பின்சுவரை அளக்கவில்லை.
உள்ளே தலையை விட்டு, கரியைப் பூசிக்கொண்டு
யார் அளப்பார்கள் பின்சுவரை?

கடைக்காரர் நோர்மான் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.
"பின்னால் ஒடுங்கும், ஓடீல்.
எல்லாக் கணப்பும் பின்னால் ஒடுங்கும்."
என் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதுபோல
காது சூடாகியது.

அந்தக் கணப்பு
யானைப் பசியோடு உட்கார்ந்திருந்தது கூடத்தில்.
மேப்பிள் கட்டைகளைத் தின்றது,
அறையில் இருந்த சூட்டையும் சேர்த்துத் தின்று
வானத்தைப் பார்த்து ஏப்பம் விட்டது.
முழங்கால் வெந்தது, முதுகு உறைந்தது.
போன ஜனவரியின் எண்ணெய் பில்லை
குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார் க்ளோவிஸ்,
காந்தத்தின் கீழே,
சாமி படம்போல.

அவருக்குப் பெரிய உள்ளடுப்பு வேண்டும்.
வீடு முழுக்கச் சூடு,
விடியும்வரை தணல்.
எனக்குப் பெரிய கண்ணாடி வேண்டும்.
தீ தெரிய வேண்டும்.
"பார்ப்பதற்கா வாங்குகிறோம்?"
"பார்க்காமலிருக்கவா இவ்வளவு காசு?"
ஞாயிறு பூசைக்குப் போகிற வழியெல்லாம் இதே பேச்சு.
இருபுறமும் உருளைக்கிழங்கு வயல்கள்
கேட்டுக்கொண்டே வந்தன.

கடைசியில் பின்சுவர் தீர்ப்புச் சொன்னது:
இருபத்திரண்டே அங்குலம்.
சின்னதுதான் நுழையும்.
இருவரும் தோற்றதில் ஒரு சமாதானம்.

அக்டோபர் இரண்டாம் வாரம் வந்தார்கள்.
இருநூறு கிலோ இரும்பு
பழைய கம்பளத்தின் மேல் வழுக்கி வழுக்கி
சினைப்பசுபோல உள்ளே வந்தது.
கூரையில், புகைபோக்கியின் விளிம்பில் நின்று
எஃகுக் குழாயைக் கயிற்றில் கட்டி
இறக்கினான் ரெனால்.
கீழே நான்,
பழைய தடுப்புத் தகட்டை அறுத்த ஓட்டைக்குள்
தலையை விட்டு அண்ணாந்தேன்.
காசளவு வானம்.
பாதியில் நின்றது குழாய்.
"இழு!" என்றது வானம்.
இழுத்தேன்.
மடியில் விழுந்தது கரி,
கரியோடு ஒரு கூடு.

உடைந்த தட்டின் பாதிபோல.
சுள்ளிக்குச் சுள்ளி எச்சில் வைத்து ஒட்டி
செங்கல்லில் பிடிப்பித்த கூடு.
"உழவாரன்" என்றான் ரெனால், இறங்கி வந்து பார்த்து.
"ஆகஸ்ட்டிலேயே தெற்கே போயிருக்கும்."

அவற்றை நான் கேட்டிருக்கிறேன்.
சுவருக்குள் சிறகு படபடத்ததை
எங்கோ இடி என்று நினைத்து
கொடித்துணி எடுக்க ஓடியிருக்கிறேன்,
பட்டப்பகல் வெயிலில்.

முதல் தீ சின்னதாக இருக்க வேண்டும்,
சன்னல்கள் திறந்திருக்க வேண்டும் என்றது கையேடு.
புதுப் பூச்சு வேகும் நாற்றம்.
புகை மணி அலறி ஓய்ந்தது.
கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு
சின்னக் கண்ணாடிக்கு முன்னால் நாங்கள்.
முப்பது வருடத்தில் அந்த வீடு
அவ்வளவு குளிர்ந்ததில்லை.
முதலில் சிரித்தவர் க்ளோவிஸ்தான்.

பிறகு பனி விழுந்தது. எண்ணெய் வண்டி
எங்கள் வாசலை மறந்தது.
இரவு மூன்று மணிக்குக் கட்டை வைக்க எழுகிறவர்
திரும்பிவர அரைமணி ஆகிறது.
கேட்டால்,
காற்றுத் திறப்பைச் சரிசெய்தாராம்.

மே பத்தொன்பது.
கொடியில் போர்வை போட்டுக்கொண்டிருந்தேன்.
நான்கு வந்தன, அரிவாள் சிறகோடு.
புகைபோக்கியைச் சுற்றின.
அதன் தலையில் இப்போது எஃகுத் தொப்பி.
ஒன்று இறங்கி, தொட்டு, விலகி
மறுபடி இறங்கியது.

க்ளோவிஸ் வெளியே வந்து
என் பக்கத்தில் நின்றார்.
வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.
கை தானாகப் போய்
சட்டைப்பையில் அளவுநாடாவைத் தேடியது.

"எத்தனை அங்குலம் வேண்டுமாம்
அதுகளுக்கு?"